அழுகைக்கு ஆகாரம்: தாம்பரம் பகுதிக் குடும்பங்களில் குழந்தைக்கு ஊட்டும் வழக்கம்

பசி இல்லாத வேளையிலும் துக்கத்தையோ சலிப்பையோ ஆற்றிக்கொள்ளத் தின்பண்டத்தைத் தேடும் சுபாவம் சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்பது பொதுவான அபிப்பிராயம். அது பெரும்பாலும் வீட்டில் கற்றுக்கொள்ளப்படுவது என்பதும், கற்பிக்கிறவர்கள் குழந்தையிடம் அளவற்ற பிரியம் கொண்டவர்களே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2007-ல் பிறந்த ஆங்கிலேய, வேல்ஸ் இரட்டையர்களைப் பின்தொடர்ந்த ‘ஜெமினி’ ஆராய்ச்சி, மனக்கலக்கத்தால் மிகுதியாக உண்பதில் பரம்பரையின் பங்கு அற்பம், குடும்பச் சூழலின் பங்கே பிரதானம் என்று 2018-ல் அறிவித்தது. 2015-ல் வெளியான மற்றோர் இங்கிலாந்து ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதுக்குள் தின்பண்டத்தை வெகுமதியாகப் பெற்ற பிள்ளைகளும், அதை அதிகமாக மறுக்கப்பெற்ற பிள்ளைகளும், ஐந்து முதல் ஏழு வயதில் சற்றே மனம் வாடியபோது பசியின்றித் தின்னும் போக்கு மிகுந்தவர்களாகக் காணப்பட்டனர்.

இந்தப் பழக்கம் தாம்பரம் பகுதி வீடுகளில் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்று பார்க்கலாம். 1931-ல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின், பட்டணத்தில் உத்தியோகமும் புறநகரில் வீடுமாக வாழும் குடும்பங்கள் இப்பகுதியில் பெருகின; இன்று தாயும் தகப்பனும் இருட்டிய பிறகே சேலையூருக்கோ சிட்லபாக்கத்துக்கோ திரும்பும் வீடுகளில், ஊட்டும் பொறுப்பு பாட்டியுடையது. முன்பு மொட்டை மாடியில் காக்கை காட்டி ஊட்டிய அதே கை, இப்போது கைபேசியில் பாட்டை ஓடவிட்டு, குழந்தை திரையில் லயித்து வாய் திறக்கும் தருணம் பார்த்து, நெய்விட்டுக் குழையப் பிசைந்த பருப்புச் சாதத்தை வைக்கிறது. குழந்தை முகத்தைத் திருப்பினால், “இன்னும் ஒரே ஒரு வாய்டா கண்ணா, சாப்பிட்டா சாக்லேட்” என்கிறாள். பேச்சு வராத பிராயத்தில், முகத்தைத் திருப்புவதுதான் “போதும்” என்பதற்குக் குழந்தையிடம் உள்ள பாஷை. அதை நாள்தோறும் தோற்கடித்தால், வயிற்றின் திருப்தியை அறியும் சக்தி மழுங்கக்கூடும். சாக்லேட்டோ சாதத்தைவிட உயர்ந்த ஸ்தானம் பெறுகிறது. வெகுமதியாகத் தரப்படும் பண்டத்தின்மேல் பிள்ளைகளின் விருப்பம் வளர்வதை உளவியல் ஆய்வாளர் லீயன் பிர்ச் 1980-லேயே காட்டியிருக்கிறார். இரவில் திரும்பும் தாய், பகலெல்லாம் பிரிந்திருந்த மன உறுத்தலால் கைப்பையிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தருவதும், ஊசி போட்ட வலிக்கு மிட்டாய் தருவதும் இவ்வகையினவே. இவற்றுக்கு அஞ்சி, தின்பண்ட டப்பாவைப் பீரோவின் மேல் ஒளித்து வைப்பதும் பரிகாரமாகாது. ஒளித்த பண்டத்தின்மேல் ஆசை பெருகவே செய்யும்.

தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ட நாட்டில் வயிறு நிறைய ஊட்டும் ஆவலைக் குற்றம் சொல்லலாமா என்ற ஆட்சேபம் நியாயமானது. ஐந்து வயதுக்குட்பட்டோரில் அதிக எடையுள்ளோர் 2015-16-ல் 2.1 சதவீதமாக இருந்து 2019-21-ல் 3.4 சதவீதமான இதே இந்தியாவில், வயதுக்கேற்ற உயரமில்லாதோர் அதே 2019-21-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தனர். ஆகவே சோற்றைக் குறைக்கச் சொல்வது என் நோக்கமன்று. தாயின்மேல் பழி சுமத்துவதும் தகாது: நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகரில் நடந்த ஆய்வு, எளிதில் கலங்கும் குழந்தையே பெற்றோரைத் தின்பண்டத்தால் சமாதானம் செய்யத் தூண்டுவதையும், அந்தச் சமாதானம் குழந்தையின் பழக்கத்தை மேலும் உறுதியாக்குவதையும் புலப்படுத்தியது.

செய்யத்தக்கது ஒன்று உண்டு. என்ன ஆகாரம், எப்போது என்பதைப் பெரியவர்கள் தீர்மானிக்கட்டும். எவ்வளவு என்பதைக் குழந்தை தீர்மானிக்கட்டும். அழுகைக்கு மடியும் பேச்சும் முதலில் வரட்டும். அங்கன்வாடிகளில் எடை பார்க்கும் நாளன்று தாய்மார்களுக்குச் சொல்லும் ஆலோசனையில் இதையும் சேர்க்குமாறும், அந்த ஆலோசனைக்குப் பாட்டிமார்களையும் தவறாமல் அழைக்குமாறும் சமூக நலத் துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன்.