நோயாளர் மொழியும் பண்புசார் ஆய்வுப் பயிற்சியும்

1. தோற்றுவாய்

மதுரை மாநகரில் வையையின் வடகரையில் அமைந்தது செல்லூர். திருஞானசம்பந்தர் பாடிய திருவாப்பனூர்த் திருக்கோயில் இங்குள்ளது. கைத்தறியும் விசைத்தறியும் இவ்வூர் மக்களின் நெடுநாளைய தொழில்கள். இவ்வூரை அடுத்தே, 1954-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மதுரை மருத்துவக் கல்லூரியும் அரசு இராசாசி மருத்துவமனையும் உள்ளன. 1976-ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் தோன்றிய அரவிந்த் கண் மருத்துவமனையும் இவ்வடகரையிலேயே வளர்ந்து நிற்கின்றது. தறிக்குழியில் உழைப்பாரின் பேச்சும் மருத்துவர் நூல்மொழியும் இங்கு அடுத்தடுத்து வழங்குகின்றன. ஆயினும், ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் வழி எளிதன்று. அவ்வழியைக் கடக்க நலவாழ்வியல் துறைகளின் முனைவர் பட்ட மாணவர் எங்ஙனம் பயிற்றப்பெற்றனர், இனி எங்ஙனம் பயிற்றப்பெறல் வேண்டும் என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது மருத்துவர்க்கு உரிய பொருள், தமிழ்த் துறைக்கு இதனால் ஆவது என்னை எனின், அதற்குரிய விடை கட்டுரையின் இறுதியில் பெறப்படும்.

2. பண்புசார் ஆய்வின் இயல்பு

நோயுற்றார் எத்துணைப் பேர், அவருள் குணமடைந்தார் எத்துணைப் பேர் என எண்ணிக் கூறுவது அளவைசார் ஆய்வு. நோயுற்றார் தம் நோயை எங்ஙனம் உணர்கின்றனர், மருத்துவமனைக்கு வருவதும் வாராமையும் எக்காரணத்தால் என்பவற்றை அவர்தம் வாய்மொழி கேட்டும் உடனிருந்து கண்டும் தெளிவது பண்புசார் ஆய்வு. முன்னதன் கருவி எண். பின்னதன் கருவி சொல். பின்னதைச் சிலர் வெறுங் கதைத் தொகுப்பென இகழ்வதுண்டு. கேட்ட சொல்லை முறையாகப் பதிந்து, பகுத்து, மாறுபட்ட சான்றுகளையும் தேடி ஒப்பிட்டு முடிபு காணும்பொழுது அவ்விகழ்ச்சிக்கு இடமில்லை. எனவே, முறையைக் கற்பித்தலே இவ்வாய்வின் உயிர்நிலையாகும்.

3. செவிலியர் கல்லூரியில் தோன்றிய முறை

இம்முறை நலவாழ்வியல் மாணவர்க்குக் கற்பிக்கப்பெற்ற வரலாற்றில் அமெரிக்க நாட்டுச் சான் பிரான்சிசுகோ நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகச் செவிலியர் கல்லூரி சிறப்பிடம் பெறுகின்றது. சமூகவியலறிஞர் ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் 1960-ஆம் ஆண்டில் அங்குப் பணியேற்றார். பார்னி கிளேசர் என்பாரும் செவிலியர் ஆசிரியை ஜீன் குயின்ட் என்பாரும் அவருடன் சேர்ந்து, இறக்குந் தறுவாயிலுள்ள நோயாளரை மருத்துவமனைகளில் கண்டு ஆராய்ந்தனர். தாம் இறக்கவிருப்பதை நோயாளர் அறியாதிருத்தல், ஐயுறுதல், இருசாராரும் அறிந்தும் அறியார்போல் நடித்தல், வெளிப்படையாக அறிந்திருத்தல் என நான்கு நிலைகளை அவ்வாய்வு வகுத்தது. அதன் முடிபுகள் 1965-ஆம் ஆண்டிலும், தரவிலிருந்தே கோட்பாடு காணும் அதன் முறை 1967-ஆம் ஆண்டிலும் நூல்களாக வெளிவந்தன.

1968-ஆம் ஆண்டில் அக்கல்லூரியிலேயே சமூகவியல் முனைவர் பட்டப் படிப்புத் தோன்றியது. ஸ்ட்ராஸின் வகுப்பு சொற்பொழிவாக மட்டும் அமையவில்லை. மாணவர் தாம் கேட்டெழுதிய நேர்காணலைக் கொணர, ஆசிரியரும் மாணவரும் வட்டமாக அமர்ந்து வரிவரியாக அதனை ஆராய்வர். ஒரு சொல் ஏன் வந்தது, வேறு சொல் ஏன் வரவில்லை என வினவுவர். நம் உரையாசிரியர்கள் ஒரு நூற்பாவின் சொல்லொன்றை எடுத்து, தடையெழுப்பி விடைகூறிச் சென்ற நெறியோடு இது பெரிதும் ஒத்திருத்தல் காண்க.

4. துமக்கூர் தந்த பாடம்

நம் நாட்டில் நோயாளரைக் கேட்டறிந்ததன் பயனைக் காட்டிய ஆய்வுகளுள் ஒன்று பெங்களூர்த் தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சார்ந்த தேபபர் பானர்ஜி, ஸ்டிக் ஆண்டர்சன் ஆகியோர் 1963-ஆம் ஆண்டில் வெளியிட்டது. சிற்றூர் மக்கள் அறியாமையால் மருத்துவம் நாடுவதில்லை என்பது அந்நாளைய பொதுக் கருத்து. துமக்கூர் மாவட்டத்தில் காசநோயர் எனக் கண்டறியப்பட்டாரை வினவியபொழுது, அவருள் மிகப் பெரும்பாலோர் தம் நோய்க்குறிகளை நன்கு உணர்ந்திருந்தமையும், ஏறத்தாழப் பாதியினர் மருத்துவ நிலையங்களை நாடியிருந்தமையும் புலனாயின. நாடிச் சென்றாரோ பெரும்பாலும் இருமல் மருந்து பெற்றுத் திரும்பியிருந்தனர். குறை நோயாளரிடத்தன்று, நிலையத்தினிடத்தே என்பது தெளிவாயிற்று. மக்கள் தாமே நாடிவரும் பொது மருத்துவ நிலையங்களிலேயே காசநோய்க்கு மருத்துவம் அளித்தல் வேண்டும் என்னும் கொள்கை 1962-ஆம் ஆண்டின் தேசியத் திட்டத்தில் இடம்பெற்றது. இவ்வாய்வு எண்ணையும் கையாண்டது. முற்றும் பண்புசார்ந்தது அன்று. எனினும், கேளாது கூறிய குற்றச்சாட்டைக் கேட்டபின் நீக்கியது என்பதே நமக்கு வேண்டுவது.

5. மதுரை நாட்டுப்புறமும் கண் முகாம்களும்

இத்தகைய பாடத்தை மதுரைச் சுற்றுப்புறமும் தந்துள்ளது. கண்புரை நோய்க்கு இலவச அறுவை மருத்துவம் அளித்தும் பலர் வாராதிருந்தமை கண் மருத்துவர்க்கு வியப்பளித்தது. 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, அறிவுறுத்தும் முறைகளையும் பொருளுதவி முறைகளையும் சிற்றூர்களில் ஒப்பிட்டுப் பார்த்தது. அறுவைக்கு மட்டுமன்றிப் போக்குவரத்திற்கும் உணவிற்கும் ஆகும் செலவையும் ஏற்றவிடத்து மிகுதியானோர் அறுவைக்கு இசைந்தனர். ‘இலவசம்’ என்று மருத்துவமனை கூறிய சொல், பேருந்துக் கட்டணம் இல்லாதவர் செவியில் இலவசமாக ஒலிக்கவில்லை என்பது இதனால் பெறப்படும்.

பின்னர் 1999-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, முகாம் நடைபெறும் சிற்றூர்களில் மக்களை நேர்கண்டு, வாராமையின் காரணங்களை வகுத்தது. அச்சம், செலவு, குடும்பப் பொறுப்பு, முதுமையில் இனி எதற்கு என்னும் எண்ணம், விதி என்னும் நினைவு, உள்ள பார்வையோடே காலந்தள்ளலாம் என்னும் அமைவு ஆகியன அவை. இவற்றுள் ‘அறியாமை’ என ஒரு சொல்லில் அடக்கத்தக்கது யாது? பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை என்னும் மூதாட்டி அறியாதவர் அல்லர். தம் வீட்டின் நிலையை நன்கறிந்தவர். வினாத்தாளில் ‘ஆம், இல்லை’ என்னும் கட்டங்கள் மட்டும் இருந்திருப்பின், இவ்வேறுபாடு வெளிப்பட்டிராது.

6. இடையில் நிற்கும் மொழி

இனி, பயிற்சியின் குறையொன்றைக் கூறுதல் வேண்டும். நம் மாணவர் தமிழில் கேட்கின்றனர், ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். இரண்டிற்கும் நடுவே நிகழும் இழப்பைக் கணக்கிடுவார் அரியர்.

செல்லூர்த் தறிக்கூடம் ஒன்றிற்கு ஒரு மாணவர் செல்வதாகக் கொள்வோம். “மூச்சுத்திணறல் உண்டா?” என வினவுகின்றார். நெசவாளர் “இல்லை” என்கின்றார். படிவத்தில் ‘இல்லை’ எனப் பதிவாகின்றது. சிறிது நேரம் அமர்ந்து பேச்சைக் கேட்டிருப்பின், “ராத்திரியானா இழுப்புத்தான், விடியக்காலம் தறியில உட்கார முடியல” என்னும் சொற்கள் வந்திருக்கும். இனி, மதுரை வட்டாரத்தில் ‘மேல்’ என்பது உடம்பையும் குறிக்கும். “மேலுக்கு முடியல” என்பதைக் காய்ச்சல் என்று ஒருவர் பெயர்ப்பர். சோர்வு என்று மற்றொருவர் பெயர்ப்பர். சொன்னவர் எதனைக் கருதினார் என்பதை இடமும் குரலும் அடுத்து வந்த சொல்லுமே காட்டும். பெயர்த்தபின் பகுத்தாராய்வார் நோயாளர் சொல்லை ஆராய்வதில்லை. தம் மொழிபெயர்ப்பையே ஆராய்கின்றனர்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு நெறிமுறைகள் முனைவர் பட்ட மாணவர்க்கு ஆய்வு முறையியல் பாடத்தைக் கட்டாயமாக்கின. அப்பாடத்தில் இடம்பெறத்தக்கனவாக அளவைசார் முறைகளையும் கணினிப் பயன்பாட்டையும் பெயர்சுட்டின. 2016-ஆம் ஆண்டு நெறிமுறைகளும் அவ்வாறே சுட்டின. பண்புசார் முறை விலக்கப்படவில்லை. ஆயின், பெயர்சுட்டப்படவும் இல்லை. பெயர் பெறாதது பாடவேளையும் பெறாது என்பது கல்விநிலையங்களில் யாவரும் கண்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு அறநெறி வழிகாட்டியோ, ஆய்விற்கு உட்படுவார்க்கு விளங்கும் மொழியில் இசைவு பெறல் வேண்டும் என்கின்றது. இசைவு பெறுவதற்குத் தாய்மொழி வேண்டுமாயின், அவர் கூறியதை உணர்வதற்கு அஃது எத்துணை வேண்டும்!

7. முடிபு

சொற்பொருளை அச்சொல்லை வழங்குவாரிடமே சென்று கற்றல் தமிழுலகிற்குப் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஆராய்ந்த காலத்து, சைன சமயச் செய்திகள் விளங்காதவிடத்துக் கும்பகோணத்துச் சைனர் இல்லங்களுக்குச் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887-ஆம் ஆண்டில் வெளிவந்த அப்பதிப்பின் சிறப்பிற்கு அக்கேள்வியும் ஒரு காரணம். ஏட்டிற்கு முன் பணிந்தவர் மக்கட்கு முன்னும் மாணவராயினார். நலவாழ்வியல் மாணவர்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதின்று.

ஆகலின், யாம் வற்புறுத்துவன மூன்று. நேர்காணலைப் பேசியவாறே தமிழில் எழுதி வைத்தல் முதலாவது. தமிழிலேயே பகுத்துக் குறியிட்ட பின்னரே மொழிபெயர்த்தல் இரண்டாவது. கண்ட முடிபைச் சொன்னவரிடமே கொண்டு சென்று காட்டுதல் மூன்றாவது. இறையனார் களவியலுக்கு நாற்பத்தொன்பதின்மர் உரை கண்டனர் என்றும், மெய்யுரை எதுவெனக் காட்டியது கேட்டிருந்த உருத்திரசன்மனின் கண்ணீரே என்றும் அவ்வுரை கூறும் வரலாறு மதுரைக்குரியது. அது கதையாயினும், உரையின் உண்மையைக் கேட்போர் உள்ளம் அளக்கும் என்னும் கருத்து மெய்யே.

இம்மூன்றற்கும் தமிழ்த் துறையின் துணை வேண்டும். நோயும் உடம்பும் பற்றிய வட்டாரச் சொற்களைத் தொகுத்தலும், மருத்துவ மாணவரோடு அமர்ந்து நேர்காணல்களை வரிவரியாக ஆராய்தலும் நம் முதுகலை மாணவர்க்கு இயலாதன அல்ல. சொல்லாராய்ச்சி நூலகத்தோடு நில்லாது தறிக்கூடம் வரை செல்லுமாயின், “இல்லை” என்று பதிவான இழுப்பொன்று மருத்துவர் செவிக்கு எட்டும். அப்பயன் சிறிதெனக் கொள்ளற்க.