நம்பத்தக்க சொல்: சுவார்ட்ஸ் ஐயரின் வரலாற்றிலிருந்து



நாவைக் குறித்துத் தியானிக்கும்போதெல்லாம் யாக்கோபு நிருபத்தின் மூன்றாம் அதிகாரமே முதலில் நம் நினைவுக்கு வருகிறது. சிறிய சுக்கான் பெரிய கப்பலைத் திருப்புவதையும், சிறு நெருப்பு பெருங்காட்டைக் கொளுத்துவதையும் அங்கே வாசிக்கிறோம். ஆகையால் நாவடக்கமே ஞானம் என்று எண்ணிக்கொள்கிறோம். அது மெய்தான், ஆயினும் அது பாதி ஞானமே. பேசாமல் காத்துக்கொண்ட சொல்லைப் போலவே, பேசி நிறைவேற்றிய சொல்லும் தேவனுக்கு முன்பாக எண்ணப்படுகிறது. இதைத் தஞ்சை மண் ஒரு காலத்தில் கண்கூடாகக் கண்டது.

ஜெர்மானிய மிஷனரியான கிறிஸ்தியான் பிரெட்ரிக் சுவார்ட்ஸ் 1726-ல் பிறந்து, 1750-ல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். தமிழைக் கற்றுப் பிரசங்கித்தார். பின்னர் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்த ஆண்டுகளில் பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி ஆகியவற்றையும் பயின்றார். தம்முடைய மொழிக்கு மற்றவர்கள் வரவேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கேட்பவரின் மொழிக்குத் தாமே சென்றார்.

1779-ல் சென்னை ஆளுநர் ரம்போல்ட் அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு, ஐதர் அலியிடம் தூதராக அனுப்பினார். ஆங்கிலேயர்மீது ஐதருக்கு நம்பிக்கை இல்லை. ஆபத்தில் ஒருவருக்கொருவர் துணைநிற்போம் என்று 1769-ல் செய்த உடன்படிக்கை, மராட்டியர் மைசூரைத் தாக்கியபோது காப்பாற்றப்படவில்லை. அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்றமாட்டார் என்ற கருத்தில் ஐதர் பேசியதாக மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. இரத்தஞ்சிந்துதலைத் தவிர்க்கலாம் என்ற நம்பிக்கையோடு சுவார்ட்ஸ் சென்றார். வழிச்செலவுக்கென்று ஐதர் கொடுத்த பணத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் ஆட்சியாளரிடம் ஒப்புவித்தார். அவர்கள் அதைத் திருப்பித் தந்தபோது, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்குக் கொடுத்தார்.

ஆனாலும் சமாதானம் நிலைக்கவில்லை. 1780-ல் ஐதரின் படைகள் கர்நாடகப் பகுதியில் புகுந்தன. தூது தோற்றது, தூதர்மீதுள்ள மதிப்போ அழியவில்லை. போர் நடந்துகொண்டிருக்கும்போதே சுவார்ட்ஸ் தடையின்றிச் சென்றுவரும்படி ஐதர் தம் படைத்தலைவர்களுக்குக் கட்டளையிட்டார்.

அந்நாட்களில் தஞ்சைக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்த மக்கள் பசியால் மடிந்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. அதைக் கொண்டுவர மாடுகள் இல்லை. மாடு வைத்திருந்த குடியானவர்கள் முன்வரவில்லை. முன்பு வேலை வாங்கியவர்கள் கூலி கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். அரசரின் ஆணைக்கும் கும்பினியாரின் அதிகாரத்திற்கும் அசையாத அம்மக்களுக்குச் சுவார்ட்ஸ் எழுதினார். கூலிக்குத் தாமே பொறுப்பு என்று வாக்களித்தார். இரண்டொரு நாட்களில் ஏறக்குறைய 1,000 மாடுகள் வந்து சேர்ந்தன. எதிரியின் குதிரைப்படை சுற்றித்திரிந்த வழியே 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. சுவார்ட்ஸ் தம் கையாலேயே கூலியைக் கொடுத்தார்.

பிரியமானவர்களே, அந்தக் கடிதத்தில் சொல்வன்மை ஏதும் தேவைப்படவில்லை. மாடுகளை ஓட்டிவந்தவர்கள் அதிலுள்ள வாக்கியங்களை நம்பி வரவில்லை. எழுதியவரை நம்பி வந்தார்கள். அந்த நம்பிக்கை பஞ்சம் வந்த நாளில் பிறந்ததன்று. முப்பது ஆண்டுகளாகச் சொன்னதைச் செய்து, செய்ய இயலாததைச் சொல்லாமல் அவர் வாழ்ந்த வாழ்க்கையில் அது விளைந்தது. ஆணையிட வேண்டாம், உங்கள் ‘ஆம்’ ஆம் என்றே இருக்கட்டும் என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் போதித்ததன் பொருள் இதுவே. ஆணையிட்டு உறுதிப்படுத்த வேண்டிய அளவுக்கு நம் சொல் இலேசாகிவிடக் கூடாது.

மற்றொன்றையும் கவனியுங்கள். அன்று கோட்டையில் மாண்டவர்களின் சாவுக்குப் போர் மட்டும் காரணமன்று. கொடுபடாத கூலியும், காக்கப்படாத வாக்கும் காரணம். பொய்யாய்ப்போன ஒரு வாக்கு அன்றைக்கே யாரையும் கொல்வதாகத் தெரியாது. பிறகு உதவி தேவைப்படும் நாளில், உதவக்கூடியவர்கள் வாசலுக்கு வராமற்போகும்போதுதான் அதன் விலை தெரியும்.

ஆகவே இவ்வாரம் நம்மை நாமே ஆராய்வோம். சபையில் பண்ணிய பொருத்தனை என்னவாயிற்று? வேலைக்காரருக்குச் சொன்ன கூலி உரிய நாளில் சென்றதா? ஜெபிக்கிறேன் என்று நோயாளியிடம் சொன்னோமே, ஜெபித்தோமா? பிள்ளைக்குச் சொன்ன சிறிய வாக்கு நினைவிருக்கிறதா? சுவார்ட்ஸ் ஐயர் 1798-ல் தஞ்சாவூரில் நித்திரையடைந்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவருடைய பெயர் அங்கே மதிப்போடு சொல்லப்படுகிறது.

ஜெபம்: உண்மையுள்ள பிதாவே, எங்கள் வாயின் வார்த்தையும் எங்கள் கையின் கிரியையும் ஒன்றாயிருக்கக் கிருபை தாரும். எங்கள் சொல்லை நம்பி வருகிற எவரும் வெட்கப்பட்டுத் திரும்பாதபடி எங்களைக் காத்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.