லவ் என்னும் சொல்லுக்கு இயைபு தேடியவர்கள்

ஆங்கிலத்தில் காதலைக் குறிக்கும் சொல் லவ். எத்தனையோ பாடல்களில் அடியிறுதியில் வந்து நிற்கும் இச்சொல்லுக்கு நிறைவான இயைபுச் சொற்கள் எத்தனை என்று எண்ணப் புகுந்தால் வியப்பே மிஞ்சும். புறாவைக் குறிக்கும் டவ், கையுறையாகிய கிளவ், மேலே எனப் பொருள்படும் அபவ், தள்ளுதலாகிய ஷவ். வழக்கிலுள்ளவை ஏறத்தாழ இவ்வளவே. ஆங்கிலக் காதற்பாடல்களில் இத்தனை புறாக்கள் பறப்பதற்கு அவற்றின் மென்மை மட்டுமே காரணம் அன்று.

இது புதிய வறுமையும் அன்று. 14ஆம் நூற்றாண்டின் சாசர், பிரெஞ்சுக் கவிதையைத் தம் மொழிக்குக் கொண்டுவந்தபோது, ஆங்கிலத்தில் இயைபுக்குப் பஞ்சம் என்று குறைபட்டிருக்கிறார். மில்டனோ 1668இல் ‘இழந்த சொர்க்கம்’ காவியத்திற்குச் சேர்த்த முன்குறிப்பில், இயைபு என்னும் தளையே தமக்கு வேண்டாம் என்று உதறிவிட்டார்.

எதுகைக்கு முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாமெழுத்து ஒன்றிவர வேண்டும் என்பது நாம் அறிந்தது. ஆங்கில இயைபின் விதி வேறு. சொல்லில் கடைசியாக அழுத்தம் பெறும் உயிரிலிருந்து இறுதிவரை ஒலி ஒன்றவேண்டும். அவ்வுயிருக்கு முன்னுள்ள மெய் வேறுபடவேண்டும். இங்கே ஒன்றவேண்டியது ஒலியே, எழுத்தன்று. லவ், மூவ், ரோவ் ஆகிய மூன்றும் ஆங்கில எழுத்தில் ஒரே முடிவை உடையவை. தமிழ் எழுத்தில் எழுதிய மாத்திரத்தில் அவை மூன்றும் வேறு வேறு என்பது வெளிப்பட்டுவிடுகிறது!

சில ஆண்டுகளுக்கு முன் ஒப்பிலக்கிய வகுப்பில் ஒரு மாணவி, கிறிஸ்டோபர் மார்லோவின் ஆயர் பாடலில் லவ், புரூவ் என்னும் சொற்கள் இயைபாக அமைந்துள்ளன என்று விடையெழுதியிருந்தார். “கண்ணுக்கு இயைபு, காதுக்கு அன்று” எனச் சிவப்பு மையால் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தோம். “எழுத்து ஒன்றாகத்தானே ஐயா இருக்கிறது?” என்று கேட்டார். “காது ஒப்பவில்லையே அம்மா” என்றோம். வகுப்பு சிரித்தது.

பிழை நம்முடையது. மார்லோ 1593இல் இறந்தார்; அப்பாடல் 1599இல் அச்சேறியது. ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் நிலைபெயர்ந்துகொண்டிருந்த நூற்றாண்டுகள் அவை. புரூவ் என்பதற்கு லவ் என்பதோடு ஒன்றும் குறுகிய உச்சரிப்பும் அன்று வழங்கியது என்பர் மொழியியலார். டேவிட் கிறிஸ்டல் என்னும் அறிஞர் இவ்வாறு மீட்டெடுத்த உச்சரிப்பில் 2004இல் இலண்டன் குளோப் அரங்கில் ‘ரோமியோ ஜூலியட்’ நடிக்கப்பட்டது. ஷேக்ஸ்பியரின் 154 சானட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில், இன்றைய உச்சரிப்பில் பொருந்தாத இயைபு ஒன்றேனும் உண்டு என்பது அவர் கணக்கு. அக்கவிஞர்கள் பிழை செய்யவில்லை. ஒலி நகர்ந்துவிட்டது, அச்சு நிலைநிறுத்திய எழுத்து பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. மாணவி கண்ணை நம்பிச் சரியான விடைக்கு வந்திருந்தார். நாம் இன்றைய காதை நம்பித் தவறினோம்.

இந்தக் கண்–காது வழக்கை அகராதிக்காரர்களும் சந்தித்தார்கள். ஆங்கிலச் சொற்களை அவற்றின் ஈறு நோக்கி அடுக்கிய முதல் முயற்சிகளுள் ஒன்று பீட்டர் லெவின்ஸ் 1570இல் வெளியிட்ட ஆங்கில–இலத்தீன் அகராதி. எனினும் பெயர் நிலைத்தது ஜான் வாக்கருக்குத்தான். புகழ்பெற்ற நடிகர் காரிக்கின் குழுவில் நடித்துப் பின்னர்ப் பேச்சுக்கலை ஆசிரியரானவர் இவர். 1775இல் இவர் வெளியிட்ட அகராதியில் சொற்கள் கடைசி எழுத்திலிருந்து முன்னோக்கி வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. ஆகவே லவ், மூவ், ரோவ் மூன்றும் ஒரே வரிசையில் அமர்ந்தன. காதையே தொழிலாகக் கொண்டவர் இதோடு அமைவாரா? நிறைவான இயைபுகளையும் ‘ஒப்பத்தக்க’ இயைபுகளையும் பிரித்துக்காட்டும் பட்டியலைச் சேர்த்து, பின்னவற்றுக்குக் கவிஞர்களின் ஆட்சியையே சான்றாகக் காட்டினார். அந்த ஒப்பத்தக்கவற்றுள் சில, முன்னொரு காலத்தில் நிறைவானவையாய் இருந்தவையே.

இவ்விடத்தில் சற்றுப் பெருமிதம் கொள்ளலாம். வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தது 1732இல். வாக்கருக்கு 43 ஆண்டுகள் முன்பு. பெயர், பொருள், தொகை, தொடை என்னும் அதன் நான்கு பகுதிகளுள் இறுதியானது எதுகை தேடும் புலவர்க்கென்றே அமைந்தது.

குறை இயைபை வேண்டுமென்றே தேர்ந்தவர்களின் கதை வேறு. எமிலி டிக்கின்சன் 1886இல் மறைந்தபின், 1890இல் அவர் கவிதைகளைப் பதிப்பித்த மேபெல் டாட், ஹிகின்சன் இருவரும் இயைபு சரியாக வரவில்லையென்று சில இடங்களில் சொல்லையே மாற்றினர். கையெழுத்துப் படிகளின்படி முழுப் பதிப்பைத் தாமஸ் ஜான்சன் கொண்டுவந்தது 1955இல். இடைப்பட்ட 65 ஆண்டுகள் வாசகர்களில் பலர் படித்தது செப்பனிடப்பட்ட எமிலியை. நல்லெண்ணத்தோடு செய்தார்கள் என்பது உண்மை. நம் சிவப்பு மையும் நல்லெண்ணத்தோடு எழுதியதுதான்.

வில்பிரட் ஓவன் இன்னும் ஓரடி சென்றார். சொல்லின் முன்னும் பின்னும் உள்ள மெய்களை அப்படியே நிறுத்தி, இடையிலுள்ள உயிரை மட்டும் மாற்றினார்; ஹால் என்பதும் ஹெல் என்பதும் போல. மெய் நிற்க உயிர் மாறும் இம்முறை நம் வருக்க எதுகையைச் சற்றே நினைவூட்டும். 1918இல் எழுதிய ‘விந்தையான சந்திப்பு’ என்னும் கவிதையில், போர்வீரன் ஒருவன் தான் கொன்ற பகைவனைப் பாதாளத்தில் காண்கிறான். சேரவேண்டிய ஒலிகள் கடைசி நொடியில் சேராமல் விலகும் அந்த இயைபு இல்லையேல் அக்கவிதை இல்லை. 1918 நவம்பர் 4ஆம் நாள் ஓவன் போரில் மாண்டார். போர் ஓய்ந்தது 11ஆம் நாள்.

இன்று இயைபு தேட ஏடு புரட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1,34,000க்கும் மேற்பட்ட சொற்களின் உச்சரிப்பைத் தொகுத்து இலவசமாக வழங்கியிருக்கிறது. அதைக் கொண்டு ஒரு நிரல் நொடியில் விடை சொல்லிவிடும். ஆனால் அந்த உச்சரிப்பு அமெரிக்கருடையது. அங்கே வேற்றுமைப் பொருளுக்கு வரும் ‘ஆஃப்’ என்னும் சிறுசொல், அழுத்திச் சொல்லுமிடத்து, பெரும்பாலோர் நாவில் ‘அவ்’ என்றே ஒலிப்பதால், லவ் என்பதற்கு நிறைவான இயைபாகிவிடுகிறது. இலண்டன்காரர் அதை ‘ஒவ்’ என்பார். அவர் காதில் இயைபு இல்லை. அத்திலாந்திக்கைக் கடந்தால் காதலுக்கு ஐந்தாவதாக ஒரு சொல் கிடைக்கிறது.

அம்மாணவியின் விடைத்தாள் இப்போது நம்மிடம் இல்லை. குறைத்தது இரண்டு மதிப்பெண்.