எலக்ட்ரிக் காரில் கண்டம் தாண்டியவர்கள்

எலக்ட்ரிக் கார் என்றாலே நேற்று முளைத்த சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் அதிகம். அதில் ஊர் விட்டு ஊர் போவது இன்னும் புதுசு என்று நினைப்பவர்கள் அதைவிட அதிகம். இரண்டுமே தப்பு. அமெரிக்காவில் 1908லேயே ஒரு மனுஷர் எலக்ட்ரிக் காரில் 1,800 மைல் போய்க் காட்டிவிட்டார்!

அவர் பெயர் ஆலிவர் ஃப்ரிட்ச்லி. டென்வர் நகரத்தில் எலக்ட்ரிக் கார் செய்து விற்றவர். ஒரு தடவை சார்ஜ் போட்டால் 100 மைல் ஓடும் என்பது அவருடைய விளம்பரம். "லிங்கன் நகரத்திலிருந்து நியூயார்க் வரை ரேஸ் விடலாம், யார் வருகிறீர்கள்?" என்கிற மாதிரி மற்ற எலக்ட்ரிக் கார் கம்பெனிகளுக்குச் சவால் விட்டார். ஒருத்தரும் வரவில்லை. சரி என்று தன் காரை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். 28 நாளில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அதில் வண்டி ஓட்டியது 20 நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நாளைக்கு சராசரியாக 90 மைல். அந்தக் காலத்து ரோட்டுக்கு இது கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ராத்திரி எந்த ஊரில் தங்கினாலும் அந்த ஊரில் கரண்ட் இருந்தாக வேண்டும். அப்போது அமெரிக்காவில் கரண்ட் என்பது டவுன்காரர்களின் வசதி. 1930களின் நடுவில்கூட அங்கே பத்துப் பண்ணை வீடுகளில் ஒன்பதில் மின்சாரம் கிடையாது. 1936ல் தனியாக ஒரு சட்டம் போட்டு, கடன் கொடுத்து, கம்பி இழுத்துத்தான் கிராமங்களுக்கு விளக்கு வந்தது.

பெட்ரோலுக்கு இந்தத் தலைவலி இல்லை. 1888ல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் அம்மையார் தன் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, கணவர் கண்டுபிடித்த காரில், கணவரிடம் சொல்லாமலே மான்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல் போனார். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது எங்கே வாங்கினார் தெரியுமா? வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில்! துணியில் கறை போக்க விற்றுக்கொண்டிருந்த திரவம் அது. பெட்ரோல் வகையறாவை டின்னில் அடைத்து எந்தக் கடையிலும் வைக்கலாம், வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டும் போகலாம். கரண்டை டின்னில் அடைக்க முடியுமா?

ஃப்ரிட்ச்லி பயணம் போன அதே 1908 அக்டோபரில்தான் ஃபோர்டு கம்பெனி 'மாடல் டி' காரை 850 டாலர் விலையில் இறக்கியது. அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. பெட்ரோல் பங்குகள் பெருகின, எலக்ட்ரிக் கார்கள் மெல்ல மெல்ல காணாமல் போயின.

அதற்கப்புறம் அறுபது வருஷம் கழித்து இந்தக் கதையைத் திரும்பத் தொடங்கி வைத்தது ஒரு காலேஜ் மாணவர்! பெயர் வாலி ரிப்பெல், கலிஃபோர்னியாவில் கால்டெக்கில் படித்துக்கொண்டிருந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் புகைமூட்டம் அப்போது உலகப் பிரசித்தம். புகை விடாத வண்டி வேண்டும் என்று, 1958ம் வருஷத்து ஃபோக்ஸ்வேகன் வேன் ஒன்றை எலக்ட்ரிக் வண்டியாக மாற்றினார். அதோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் மறு கரையில் இருக்கும் எம்.ஐ.டி. மாணவர்களை ரேஸுக்கு அழைத்தார். அவர்கள் ஒரு ஷெவர்லே கோர்வேர் காரை மாற்றிக்கொண்டு தயாரானார்கள்.

1968 ஆகஸ்ட் 26. கால்டெக் வேன் பசடேனாவிலிருந்து கிழக்கே கிளம்பியது. எம்.ஐ.டி. கார் கேம்பிரிட்ஜிலிருந்து மேற்கே கிளம்பியது. இவர்கள் அங்கே போக வேண்டும், அவர்கள் இங்கே வர வேண்டும். தூரம் 3,311 மைல், அதாவது சுமார் 5,300 கிலோமீட்டர்.

சார்ஜுக்கு என்ன செய்தார்கள்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. வழி நெடுக, ஏறக்குறைய 60 மைலுக்கு ஒன்று என்று மொத்தம் 54 இடங்களில் சார்ஜ் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு எலக்ட்ரிக் வண்டி கம்பெனியும் அந்தந்த ஊர் மின்சார கம்பெனிகளும் சேர்ந்து செய்த உதவி. அது இல்லாவிட்டால் இரண்டு வண்டிகளும் முதல் நாளே நடுரோட்டில் நின்றிருக்கும். ரேஸ் என்னவோ இரண்டு வண்டிக்கு நடுவில் என்று எழுதுகிறார்கள். உண்மையில் பரீட்சை எழுதியது அந்த 54 ஸ்டேஷன்கள்தான் என்று சொல்ல வேண்டும்.

பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. கால்டெக் வேனில் இருந்தது ஈய பேட்டரி. விலை மலிவு, ஆனால் கனம், சார்ஜ் ஏறவும் நேரம் பிடிக்கும். எம்.ஐ.டி. காரில் நிக்கல் காட்மியம் பேட்டரி. பல மடங்கு விலை, சீக்கிரம் சார்ஜ் ஏறும். ஆனால் வேகமாக ஏற்றினால் கொதித்துப் போகும். அதற்கு அந்த மாணவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் ஐஸ்கட்டி! ஸ்டேஷனில் சார்ஜ் ஒரு பக்கம், பேட்டரிக்கு ஐஸ் ஒரு பக்கம். கால்டெக் வேனுக்கு அரிசோனாவில் மோட்டார் கெட்டுப்போய், சரி செய்து கிளம்புவதற்குள் ஏறக்குறைய ஒரு நாள் போய்விட்டது.

எம்.ஐ.டி. கார்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. ஆனால் கடைசிக் கட்டத்தில் அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது. இழுத்த தூரத்துக்கு அபராத நேரம் போட்டுக் கூட்டிப் பார்த்ததில், வெறும் அரை மணி நேர வித்தியாசத்தில் கால்டெக் ஜெயித்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது 210 மணி நேரம். அப்படியென்றால் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். நல்ல சைக்கிள்காரர் கொஞ்ச தூரம் கூடவே வந்திருப்பார் :-)

சரி, ரேஸ் முடிந்தது, அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. அந்த வழியில் தினமும் வந்து சார்ஜ் போட கார்கள் இல்லை. கார்கள் இல்லாத இடத்தில் யார் காசு போட்டு ஸ்டேஷன் நடத்துவார்கள்? பிளஸ் ஒன் பொருளாதாரப் புத்தகத்தில் பேனாவும் மையும் என்று ஒரு உதாரணம் வருமே, ஒன்று இல்லாமல் இன்னொன்று விற்காது என்று, அதுதான் இது. ஸ்டேஷன் இல்லையென்று கார் வாங்க மாட்டார்கள், கார் இல்லையென்று ஸ்டேஷன் கட்ட மாட்டார்கள். பேட்டரி எவ்வளவு முன்னேறினாலும் இந்த முடிச்சு தானாக அவிழாது.

இதை அவிழ்க்கப் பார்த்து கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. 2007ல் ஷாய் அகாஸி தொடங்கிய 'பெட்டர் பிளேஸ்' கம்பெனி, சார்ஜ் போடவே வேண்டாம், தீர்ந்த பேட்டரியைக் கழற்றிவிட்டு நிறைந்த பேட்டரியை மாட்டிக்கொண்டு சில நிமிஷத்தில் கிளம்பலாம் என்றது. யோசனை அருமை. இஸ்ரேலிலும் டென்மார்க்கிலும் ஸ்டேஷன்களைக் கட்டினார்கள், பணத்தைக் கொட்டினார்கள். அதில் மாட்டக்கூடிய கார் மாடலோ ஒன்றே ஒன்று, அதை வாங்கியவர்களும் மிகக் குறைவு. 2013 மே மாதம் கம்பெனி திவால்.

கடைசியில் முடிச்சை ஓரளவு அவிழ்த்தது, பேனா விற்றவரே மையும் விற்றதால்தான். டெஸ்லா 2012 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் ஆறு இடங்களில் தன் சொந்த ஸ்டேஷன்களைத் திறந்தது. ஸ்டேஷனில் லாபம் வராவிட்டாலும் பரவாயில்லை, கார் விற்குமே என்ற கணக்கு. 2014 தொடக்கத்தில் இரண்டு கரைகளையும் அந்த ஸ்டேஷன்கள் இணைத்துவிட்டன. கம்பெனி ஆட்களே லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் வரை ஓட்டிப் பார்த்தார்கள். 76 மணி நேரம். 1968ல் ஆனதில் பாதிகூட இல்லை! இத்தனைக்கும் வழியில் பனிப்புயல் வேறு. (நம்ம வாலி ரிப்பெல் பிற்காலத்தில் டெஸ்லாவிலும் கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கிறார் என்பது கூடுதல் செய்தி.)

அதற்காக அக்கப்போர் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஆமை வேகத்தில்தான் ஏறும். காலி பஸ்ஸில் முதலில் ஏறுகிறவர்களுக்கு டக்கென்று சீட் கிடைக்கும், கடைசியில் ஏறுகிறவர்கள் தேடித் தேடி உட்கார வேண்டும், அது மாதிரிதான். அதனால் நெடுந்தூரம் போகிறவர்கள் முழுக்க நிரப்பாமல், 80ல் கழற்றிக்கொண்டு அடுத்த ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். குளிர் என்றால் இன்னும் மோசம். 2024 ஜனவரியில் சிகாகோவில் கடுங்குளிர் அடித்தபோது சார்ஜ் ஏறாமல் ஸ்டேஷன்களில் கார்கள் வரிசை கட்டி நின்றன. பிளக் விஷயத்திலும் ரொம்ப நாள் ஆளுக்கொரு வகை. 2023 மே மாதம் ஃபோர்டு, டெஸ்லாவின் பிளக்குக்கே மாறுகிறோம் என்று அறிவித்த பிறகுதான் மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் வந்தன.

அமெரிக்க அரசாங்கம் இதில் பெரிதாகக் கை வைத்தது 2021 நவம்பரில் வந்த சட்டத்தில்தான். நெடுஞ்சாலை ஓரம் சார்ஜ் ஸ்டேஷன் கட்ட மாநிலங்களுக்கு 500 கோடி டாலர். அதற்கு அவர்கள் போட்ட விதி என்ன தெரியுமா? 50 மைலுக்கு ஒரு ஸ்டேஷன் இருக்க வேண்டும் என்பது. 1968ல் மாணவர்களின் ரேஸுக்காகப் போட்ட 60 மைல் கணக்குக்குப் பக்கத்தில்தான், ஐம்பத்து சொச்சம் வருஷம் கழித்து அரசாங்கமும் வந்து நின்றது. 2025 பிப்ரவரியில் புது அரசு அந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்தது. வழக்கு, கோர்ட் என்று போய், ஆகஸ்டில் விதிகளைத் தளர்த்தி மறுபடி தொடங்கினார்கள். எத்தனை மைலுக்கு ஒன்று என்பதை இப்போது அந்தந்த மாநிலமே முடிவு செய்துகொள்ளலாம்.