வாகை மரத்தை வெட்டலாமா?

ஓசூர்ல நாங்க இருக்கிற லேஅவுட்டின் பின்பக்கம் ஒரு வாகை மரம் நிற்கிறது. மனை போடுவதற்கு முன்னால் அந்த இடம் ராகிக்காடு. மரம் அப்போதிருந்தே இருக்கு. மாசி, பங்குனியில் இலையெல்லாம் கொட்டி, வைக்கோல் நிறத்தில் காய்ந்த நெற்றுகள் மட்டும் தொங்கும். காற்றடித்தால் நாள் முழுக்கச் சலசலப்புதான்.

போன மாதம் சங்கக் கூட்டத்தில் அதை வெட்டச் சொல்லிப் பேச்சு வந்தது. "சத்தம் தாங்கல, குப்பை வேற" என்றார் ஒருவர். இன்னொருவர் போனில் ஓர் ஆங்கிலப் பக்கத்தைக் காட்டினார். அல்பீசியா லெபெக், ஆக்கிரமிப்பு மரம், அகற்ற வேண்டும் என்று இருந்தது. "சார், நீங்கதான் இதெல்லாம் படிப்பீங்களே, உண்மையா?" என்று என் பக்கம் திரும்பினார்கள்.

உண்மைதான். ஆனால் அது ஃபுளோரிடாவுக்கான உண்மை. அன்றைக்கு எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வாகை நம் மண்ணின் மரம். ஓசூர்க்காரர்களுக்கு மூன்று மொழியிலும் இதற்குப் பெயர் உண்டு: தமிழில் வாகை, கன்னடத்தில் பாகெ, தெலுங்கில் திரிசன. தேர்தலில் ஜெயித்தவர் 'வாகை சூடினார்' என்று இன்றும் பேப்பரில் போடுகிறார்கள். வென்றவர்கள் இந்தப் பூவைச் சூடிய பழைய வழக்கம்தான் அது.

அந்தச் சத்தமும் பழசுதான். குறுந்தொகையின் 7ஆம் பாட்டு பெரும்பதுமனார் பாடியது. ஊரை விட்டுப் போகிற ஒரு காதல் ஜோடியை வழியில் பார்த்தவர்கள் இரக்கப்பட்டுப் பேசுகிறார்கள். அந்தக் காட்டில் காற்று மோதி வாகை நெற்றுகள் ஒலிக்கின்றன. கயிற்றின்மேல் ஆடும் கூத்தாடிகள் கொட்டும் பறை மாதிரி இருக்கிறதாம் அந்த ஒலி.

இதே மரம் கடல் கடந்தும் போனது. 19ஆம் நூற்றாண்டில் கெய்ரோவிலிருந்து பிரமிடுகளுக்குப் போகும் சாலையோரம் நிழலுக்காக நட்டார்கள். கரீபியன் தீவுகளிலும் ஃபுளோரிடாவிலும் நிழலுக்கும் அழகுக்கும் வைத்தார்கள். கரீபியனில் இதற்கு வந்த பெயர் 'பொம்பளை நாக்கு'. நெற்று ஓயாமல் சலசலப்பதால் அப்படிச் சொன்னார்களாம்! நம்ம புலவருக்குப் பறை கேட்டது, அவங்களுக்கு இது கேட்டிருக்கு.

ஃபுளோரிடாவில் நட்ட மரம் நட்ட இடத்தில் நிற்கவில்லை. நெற்று காற்றில் பறந்து போய் விழுந்தது. விதைக்குக் கெட்டியான தோல், ரொம்ப நாள் கெடாது. வெட்டினாலும் துளிர்க்கும், வேரிலிருந்தும் கன்று விடும். வேர்முடிச்சுகளால் தனக்கு வேண்டிய நைட்ரஜனைத் தானே சேர்த்துக்கொள்வதால் வறண்ட மண்ணிலும் வளரும். இப்போது அங்குள்ள வல்லுநர்களின் பட்டியலில் இது முதல் பிரிவு. அதாவது, உள்ளூர்த் தாவரக் கூட்டத்தையே மாற்றிவிடும் செடிகளின் வரிசை.

அப்படியானால் இங்கே ஏன் காடாக மண்டவில்லை? இங்கேயும் அதே விதை, அதே வேர்தான். ஆனால் விதையைத் துளைக்க வண்டு இருக்கு. கன்றைக் கடிக்க ஆடு இருக்கு. தழைக்குக் கிளை ஒடிக்கிறார்கள், பலகைக்கு மரம் அறுக்கிறார்கள். பல்லாயிரம் வருஷமாகக் கூடவே இருந்த இந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு விதை மட்டும் கப்பலேறினால் கணக்கு மாறிவிடுகிறது. எங்க தொழில்ல அடிக்கடி சொல்லும் சாக்கு ஒன்று உண்டு: "என் சிஸ்டத்துல நல்லாத்தானே ஓடுது!" கோடு ஒன்றுதான், ஓடுகிற இடம் வேறு.

இதே கதை நமக்குத் தலைகீழாக நடந்திருக்கிறது. உண்ணிச்செடி அமெரிக்காவின் வெப்பப் பகுதியைச் சேர்ந்தது. கலர் கலராகப் பூக்கிறதே என்று 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கம் காட்டுக்குள் போனால் புதர் புதராக அதுதான். அடியில் புல் முளைக்காது, யானையும் அதை மேயாது. குளிர்காலத்தில் பன்னர்கட்டாவிலிருந்து வரும் யானைக் கூட்டம் ராகிக் கொல்லையில் இறங்க அதுவும் ஒரு காரணம். இந்த மாதிரிச் செடிகளை அகற்றுவதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022-ல் ஒரு கொள்கை வெளியிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே கூட்டத்தில் வாகைக்குப் பதில் வேலியோரம் 'அழகான பூச்செடி' வைக்கலாம் என்று ஒருவர் படம் காட்டினார். நர்சரித் தொட்டியில் மஞ்சளும் ரோஸுமாக லன்டானா. நம்ம உண்ணிச்செடியேதான்! ஒருத்தரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அந்த நிமிஷம் பொறி தட்டவில்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஒரு செடியைப் பார்த்ததும் 'நல்லதா, கெட்டதா' என்று தேடுவதை விட, 'இது எந்த ஊர்ச் செடி, இங்கே இதை யார் தின்பார்கள்' என்று கேட்பதுதான் சரி என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. முதல் கேள்விக்கு வரும் பதில் வேறு ஊருக்கு எழுதியதாக இருக்கலாம்.

மரம் இன்னும் நிற்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அடுத்த கூட்டம். ரோட்டுப் பக்கம் சாய்ந்த கிளையை மட்டும் கழித்து, தழையைப் பக்கத்து ஆட்டுக்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லப் போகிறேன். லன்டானா பற்றியும் சொல்லணும். சித்திரையில் பூ வரும் வரைக்காவது பொறுங்கள் என்று கேட்டுப் பார்க்கிறேன். அந்த வாசனையை ஒரு தரம் பிடித்துவிட்டால் வெட்ட மனசு வராது.