எல்லோரும் பாடலாம் என்ற எம்.பி.எஸ்.

மௌலா அலியில் நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கல் விழா நடத்துகிறோம். வருஷா வருஷம் ஒரே தகராறு. "எங்க பொண்ணு தனியாத்தான் பாடணும்" என்று ஒவ்வொரு வீட்டிலும் பிடிவாதம். (நானும் அந்தக் கட்சிதான்!) பாட்டு வராத குழந்தைகள் கீழே உட்கார்ந்து கைதட்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எம்.பி.எஸ். ஞாபகம் வரும்.

மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன். 1925ல் பிறந்தவர். மாணவப் பருவத்திலேயே கம்யூனிஸ்ட். டெல்லியில் ஏ.கே.கோபாலனிடம் செயலாளராக இருந்தார். விடுதலைப் போராட்ட வீரர் சைபுதீன் கிச்லூவின் மகள் சாஹிதாவைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார்.

சென்னைக்கு வந்து சினிமாவுக்கு இசையமைத்தார். 1960ல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இவர்தான் இசை. அதில் ஜெயகாந்தனும் பாட்டு எழுதினார். ஆனால் தமிழ் சினிமா அவரை அதிகம் பயன்படுத்திக்கொள்ளவில்லை. மலையாளம் அணைத்துக்கொண்டது. 1961ல் ஜேசுதாஸ் சினிமாவுக்காகப் பாடிய முதல் பாட்டு, சாதி மத பேதம் வேண்டாம் என்ற நாராயண குருவின் வரிகள். அதற்கு இசை எம்.பி.எஸ். அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்', 'எலிப்பத்தாயம்' படங்களுக்கும் அவரே.

அந்தக் காலத்தில் வயலின், தபலா வாசித்தவர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வராது. அவர்களுக்குச் சங்கம் அமைக்க முன்னால் நின்றார். பேங்க்கில் யூனியன் பார்த்த எனக்கு அதன் அருமை தெரியும். பெரிய கம்பெனிகளை எதிர்த்துவிட்டு அவர்களிடமே வாய்ப்பு எதிர்பார்க்க முடியுமா?

1958ல் கல்கத்தா யூத் கொயர் தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் இவர் மெட்ராஸ் யூத் கொயரை ஆரம்பித்தார். நம் சங்கீதத்தில் ஒருவர் பாடுவார், மற்றவர்கள் கேட்பார்கள். பத்துப் பேர் பாடினாலும் எல்லோருக்கும் ஒரே ஸ்வரம்தான். இவர் குரல்களைப் பிரித்தார். கனத்த ஆண் குரல் கீழே ஒரு வரிசை, பெண் குரல் மேலே ஒரு வரிசை, ஒரே நேரத்தில் வெவ்வேறு ஸ்வரங்கள். நடுவில் நின்று கையாலேயே நடத்துவார். பாரதி பாட்டும் உண்டு, பிற மொழிப் பாட்டும் உண்டு. இதற்குச் 'சேர்ந்திசை' என்று அழகான பேர். கேரளத்திலும் ஏராளமான பிள்ளைகளைச் சேர்த்துப் பாட வைத்தார். 1988 மார்ச்சில் லட்சத்தீவில் காலமானார். அங்கே போயிருந்ததும் சேர்ந்திசைக்காகத்தான்.

இந்தப் பொங்கலுக்குத் தனிப்பாட்டு வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கப் போகிறேன். நம் குழந்தைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. தெலுங்கில் எழுதி வைத்துக்கொண்டு பாடட்டும். ஒருத்தன் தடுமாறினால் பக்கத்தில் நிற்பவன் குரல் தூக்கிவிடும். சேர்ந்து பாடுவதில் அந்த வசதி இருக்கிறது.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொன்னதும் என்ன நடந்தது என்று எழுதுகிறேன் :)