நீலகிரியின் உறைபனிக் காலம்

தமிழ்நாட்டில் நீர் உறையும் அளவுக்குக் குளிர் தாக்கும் இடங்களில் முதன்மையானது நீலகிரி. குமரி மாவட்டத்து வட்டக்கோட்டையில் கடலின் வெதுவெதுப்பு மார்கழி இரவின் குளிரையும் தணிக்கிறது. அங்கே வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் அந்தக் காப்பு இல்லை. மேகமற்ற இரவில் நிலம் வெப்பத்தை இழக்க, கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்குகளில் தேங்குகிறது. அதனால்தான் தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களின் புல்வெளிகள் விடியலில் வெள்ளையாகின்றன.

இக்குளிரைப் பழகி வென்றவர்கள் நீலகிரிப் பழங்குடியினரான தோடர்கள். அரைவட்டக் கூரையுடைய அவர்களின் மரபுக் குடிலுக்கு ஜன்னல் கிடையாது. வாசலோ தவழ்ந்து நுழையும் அளவே. உள்ளே மூட்டிய நெருப்பின் சூடு வெளியேறாமல் தங்கும். சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த கனத்த போர்வை உடலைக் காத்தது. மலையை அறிந்தவர்களின் கட்டடக்கலை இது. பின்னால் வந்தவர்கள் இதிலிருந்து கற்றது மிகக் குறைவு.

1820களில் ஊட்டியில் குடியேறிய ஆங்கிலேயர் கணப்பு அடுப்புகளை நம்பினர். விறகுக்காகச் சோலைகள் அழிந்தன. ஈடுகட்டக் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் நடப்பட்டன. அந்த இழப்பு இன்றுவரை ஈடாகவில்லை.

பயிருக்கும் காப்பு வேண்டும். உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகிவிடும். இளஞ்செடிகளைத் தாகைச் செடிகளால் மூடுவார்கள். 1848இல் உருவான ஊட்டி அரசுத் தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளுக்குக் கோத்தகிரி மிலார் என்னும் செடி போர்வையாகிறது. வெயில் ஏறுமுன் புல்தரையில் நீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள்.